மூன்றரையா, நாலா? ஒரு செய்முறைத் தேர்வின் நிகழ்வு ஆய்வு

2025 ஜனவரியில் எங்கள் பள்ளியில் பிளஸ் டூ திருப்புதல் செய்முறைத் தேர்வு நடந்தது. டேஞ்சன்ட் கால்வனோமீட்டர் சோதனையை எடுத்த ஒரு மாணவி, பூமியின் காந்தப்புலத்தின் கிடைத்தளக் கூறு 4.0 × 10⁻⁵ டெஸ்லா என்று முடிவு எழுதியிருந்தாள். நான் அதைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் 3.5 என்று திருத்தி, முடிவுக்கான மதிப்பெண்ணை வெட்டினேன். இருபது வருட அனுபவம் கை போகிற போக்கில் செய்த வேலை. தப்பு அவளுடையதல்ல, என்னுடையது என்று தெரிய ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளையும் அதற்குப் பிறகு நடந்ததையும் இங்கே பதிவு செய்கிறேன்.

பள்ளி, திருச்செங்கோட்டுக்கும் சங்ககிரிக்கும் நடுவில் இருக்கும் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. நான் அங்கே முதுகலை இயற்பியல் ஆசிரியர். மாணவியின் பெயர் வேண்டாம். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகளை அம்மிணி என்றுதான் கூப்பிடுவோம், இங்கும் அப்படியே இருக்கட்டும்.

சோதனை என்ன

இயற்பியல் படிக்காதவர்களுக்காக ஒரு பத்தி. வட்டச் சட்டத்தில் செம்புக் கம்பியைச் சுற்றியிருக்கும். அதன் நடுவில் ஒரு காந்த ஊசிப் பெட்டி. சுருளை வடக்கு தெற்காக, ஊசியோடு ஒரே தளத்தில் நிறுத்த வேண்டும். மின்னோட்டம் விட்டால் சுருள் ஊசியைக் கிழக்கு மேற்காக இழுக்கும். பூமி வடக்கே இழுத்துக்கொண்டிருக்கும். இரண்டு இழுப்புக்கும் நடுவில் ஊசி ஒரு கோணத்தில் நிற்கும். சுருளின் புலம் எவ்வளவு என்று கணக்குப் போடலாம். அதை அந்தக் கோணத்தின் டேஞ்சன்ட்டால் வகுத்தால் பூமியின் பங்கு கிடைத்துவிடும். ஊசியின் இரண்டு முனையையும் படிக்க வேண்டும். பிறகு திசைமாற்றியால் மின்னோட்டத்தைத் திருப்பி மறுபடி இரண்டு முனை. ஆக ஒரு மின்னோட்டத்துக்கு நாலு அளவீடு.

நூல் சுற்றி அளந்த சுற்றளவு 50.3 செ.மீ., அதாவது ஆரம் 8 செ.மீ. என்று அம்மிணி குறித்திருந்தாள். சுற்றுகள் 5. மின்னோட்டம் 0.6 ஆம்பியரில் சராசரி விலக்கம் 31 டிகிரி, 0.8-இல் 38, 1.0-இல் 44.5, 1.2-இல் 49.5. கணக்கிட்ட விடைகள் 3.92, 4.02, 4.00, 4.02. சராசரி 3.99. நாலு என்று எழுதிவிட்டாள்.

மற்ற 23 பேருக்கும் 3.5.

"ஏன் கண்ணு, எல்லாருக்கும் மூன்றரை வருது, உனக்கு மட்டும் எப்படி நாலு?" என்று கேட்டேன்.

"தெரியலீங்க சார். நாலு தடவ பாத்துட்டனுங்க. ஊசி அங்கதான் நிக்குதுங்க."

ஒரு ஆம்பியரில் அவள் கோணம் 44.5, மற்றவர்கள் தாளில் 48, வித்தியாசம் மூன்றரை டிகிரி. பார்வைப் பிசகில் இவ்வளவு வராது. ஒரு டிகிரி பிசகலாம், ஒன்றரை பிசகலாம். இதுதான் என்னை உறுத்தியது. விட்டுவிட்டுப் போயிருந்தால் இந்த ஆய்வே இல்லை.

முதல் சந்தேகங்கள்

மேசை இரும்புக் கால் மேசை. அடுத்த பக்கம் கருவிகளை வைத்திருக்கும் இரும்பு பீரோ. மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் ரியோஸ்டாட் கைக்கெட்டும் தூரத்தில். என் சட்டைப் பையில் செல்போன். ஊசியைக் கெடுக்க இவ்வளவும் வேண்டாம், ஒன்று போதும். அந்த வாரம் பள்ளி விட்ட பிறகு அம்மிணியும் நானும் ஆய்வக உதவியாளரும் கருவியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். வேப்பமரத்தடியில் ஒரு மரப் பெஞ்சு. ஜன்னல் வழியாக நீட்டு வயர் இழுத்து பேட்டரி எலிமினேட்டர். ரியோஸ்டாட் ஆறடி தள்ளி. ஊசி 44-க்கும் 45-க்கும் நடுவில் நின்றது.

அம்மீட்டர் பொய் சொல்லுமோ என்று மல்டிமீட்டரைத் தொடரில் இணைத்தேன். அம்மீட்டர் 1.0 என்றால் மல்டிமீட்டர் 0.99. சுற்றுகளை விரலால் தொட்டு எண்ணினேன், ஐந்துதான். கருவியை மாற்றினேன், இடத்தையும் மாற்றினேன். மூன்று இடம், இரண்டு கருவி. விடை 3.9-க்குக் கீழே இறங்கவில்லை, 4.1-க்கு மேலே ஏறவும் இல்லை. இரும்பு காரணமாக இருந்தால் இடம் மாறும்போது எண்ணும் ஆடியிருக்க வேண்டும்.

வரலாற்று ஆசிரியர் வேடிக்கை பார்க்க வந்தார். "கஞ்சமலை இரும்புதாங்க ஊசிய இழுக்குது. கொடுமணல்ல ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தியே இரும்பு உருக்குன நாடுங்க இது" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கஞ்சமலையில் காந்த இரும்புத்தாது இருப்பது உண்மை, சேலம் உருக்காலை அதன் அடியில்தான் இருக்கிறது. ஆனால் காந்தத்தின் இழுப்பு தூரம் இரட்டித்தால் எட்டில் ஒன்றாகச் சுருங்கும். இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மலை எங்கள் பெஞ்சில் இருக்கும் ஊசியை அசைக்காது. அவர் கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் போனார்.

3.5 எங்கிருந்து வந்தது

எங்கள் ஆய்வகத்தில் பச்சை அட்டை போட்ட ஒரு செய்முறை நோட்டு இருக்கிறது. எனக்கு முன்னால் இருந்தவர் என்னிடம் கொடுத்தது, அவருக்கு அவருக்கு முன்னால் இருந்தவர். ஒவ்வொரு சோதனைக்கும் மாதிரி அளவீடு, மாதிரிக் கணக்கு, கீழே அடிக்கோடிட்ட விடை. டேஞ்சன்ட் கால்வனோமீட்டருக்கு 3.5 × 10⁻⁵. இந்த நோட்டின் ஜெராக்ஸ் ஊரிலிருக்கும் கடையிலேயே கிடைக்கும். நானே கொடுத்து எடுக்கச் சொன்னதுதான்.

முடிச்சை அவிழ்த்தது அம்மிணிதான். அவள் அப்பா ரிக் வண்டியில் வேலை செய்கிறார். திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகள் போகாத மாநிலம் இல்லை, வருடத்தில் பாதி நாள் அவர் வடக்கேதான். கருவியை எடுத்து வைக்கும்போது கேட்டாள்:

"எங்கய்யன் ரிக்குல வடக்க போவாருங்க. அங்கயும் ஊசி இப்படியேதான் நிக்குங்களா சார்?"

"இடத்துக்கு இடம் மாறும் கண்ணு" என்று சொன்னேன். வருடா வருடம் வகுப்பில் சொல்கிற வரி. சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது.

அன்று இரவு உட்கார்ந்து பார்த்தேன். பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டித்தான் போகிறது. அந்தக் கோட்டின் மேல் புலம் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும். வடக்கே போகப் போக ஊசி மூக்கைத் தரைக்குள் குத்தும், இதைத்தான் காந்தச் சரிவு என்கிறோம். டெல்லியில் சரிவு நாற்பது டிகிரிக்கு மேல். அங்கே மொத்தப் புலம் நம் பக்கத்தைவிட அதிகம், ஆனாலும் படுக்கைவாட்டுப் பங்கு ஏறக்குறைய 3.5 × 10⁻⁵ மட்டும். கொங்கு நாட்டில் சரிவு பத்து டிகிரிக்கும் குறைவு. இருக்கிற புலம் கிட்டத்தட்ட முழுசும் கிடைத்தளத்தில். அது 4.0 × 10⁻⁵-ஐ ஒட்டி வரும். மும்பைப் பக்கம் அலிபாகில் இரண்டுக்கும் நடுவில், 3.8.

ஆக 3.5 பொய்யான எண் இல்லை. டெல்லிக்கு உண்மை. வடக்கே அச்சான ஏதோ ஒரு கையேட்டிலிருந்து எங்கள் பச்சை நோட்டுக்கு இறங்கி, இங்கேயே குடியேறிவிட்டது. சங்ககிரியில் நின்று சரியாக அளந்த பிள்ளைக்கு நான் டெல்லி எண்ணை வைத்து மார்க்கைக் குறைத்திருக்கிறேன்.

அலிபாக் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். காந்த ஆய்வகம் முதலில் பம்பாய் கொலாபாவில் இருந்தது. ட்ராம் வண்டிகளுக்கு மின்சாரம் வரப்போகிறது, அளவீடு கெட்டுவிடும் என்று 1904-இல் ஆய்வகத்தையே கடல் தாண்டி அலிபாகுக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் இரும்பு பீரோவை இரண்டடி நகர்த்தவில்லை.

மற்ற 23 நோட்டுகள்

இதுதான் இந்த நிகழ்வில் கனமான பகுதி. அம்மிணி சரி என்றால் மற்றவர்களுக்கு 3.5 எப்படி வந்தது?

தாள்களை எடுத்து மேசையில் பரப்பினேன். சிலர் சுற்றளவு 49 என்று எழுதியிருந்தார்கள், சிலர் 52. ஆரம் மாறினால் சுருளின் புலம் மாறும், கணக்கின் முடிவும் கொஞ்சம் நகர வேண்டும். நகரவில்லை. ஒரு ஆம்பியருக்கு எல்லார் தாளிலும் 48, 48, 49, 48. அட்டவணையை விடையிலிருந்து பின்னோக்கி நிரப்பியிருக்கிறார்கள். ஒரு விதத்தில் பார்த்தால் கணக்கு நன்றாகத் தெரிந்த பிள்ளைகள்.

எங்களிடம் மூன்று கருவி உண்டு. மூன்றாவது கருவியோடு வரும் திசைமாற்றியின் சாவி ஒடிந்து எட்டு மாதம் ஆகிறது. அதில் மின்னோட்டத்தைத் திருப்பவே முடியாது. அந்தக் கருவியை எடுத்த எட்டுப் பேர் தாளிலும் திருப்பிய மின்னோட்டத்துக்கான இரண்டு பத்தியும் அழகாக நிரம்பியிருந்தன. எட்டில் ஒருவர்கூட "சார், இது திரும்பலீங்க" என்று வந்து சொல்லவில்லை. நானும் போய்ப் பார்க்கவில்லை. எட்டுத் தாளுக்கும் முழு மதிப்பெண் போட்டிருந்தேன்.

பிள்ளைகளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அரசுப் பணிக்கு வருமுன் நாமக்கல் பக்கம் விடுதியோடு கூடிய ஒரு தனியார் பள்ளியில் சில வருடம் இருந்தேன். அப்போது பிளஸ் டூ இயற்பியலுக்கு 200 மார்க், மொத்தம் 1200. பிளஸ் ஒன் புத்தகம் கட்டுப் பிரிக்காமல் கிடக்கும். பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருடம், விடியற்காலை தொடங்கி இரவு வரை, தேர்வு மேல் தேர்வு. கோழிப்பண்ணை நாட்டில் இதற்குப் பெயர் வைப்பதா கஷ்டம், பிராய்லர் பள்ளி என்று ஊரே சொன்னது. ஆய்வகத்தைத் திறப்பது ஜனவரியில். ரெக்கார்டு நோட்டை விடுதியில் உட்காரவைத்து நான்தான் வாசிக்க வாசிக்க எழுதவைத்தேன். ஒரு பிள்ளைக்கும் ஊசி எங்கே நிற்கிறது என்று பார்க்கத் தேவை வரவில்லை.

அந்தப் பள்ளிகளைக் கரித்துக்கொட்டிவிட்டுப் போவதும் நேர்மையில்லை. தறி ஓட்டுகிறவர்கள், ஓர் ஏக்கர் மஞ்சள் போடுகிறவர்கள் கடன் வாங்கி அங்கே பிள்ளையைச் சேர்த்தார்கள். 2007-இலிருந்து பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத்தேர்வு இல்லை, பிளஸ் டூ மார்க் ஒன்றுதான் கதவு. கட்-ஆஃப் 200-இல் கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. அந்தக் கதவுக்குள் பல பிள்ளைகள் நுழைந்தார்கள். நுழைந்த பிறகு முதல் பருவத்து எந்திரவியலில் தடுமாறினார்கள், ஏனென்றால் விசை, திருப்புத்திறன், அலைவு, வெப்பம் எல்லாம் பிளஸ் ஒன்னில் இருக்கின்றன. இதைத் தடுக்கத்தான் 2017-18 முதல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள், முதலிடம் இரண்டாமிடம் அறிவிப்பதை நிறுத்தினார்கள், 1200-ஐ 600 ஆக்கினார்கள். என் அனுபவத்தில் அது வேலை செய்தது. பிளஸ் ஒன் புத்தகம் திறந்தது. 2025-26-இல் அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளின் பாரம் குறைய வேண்டும் என்ற நோக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கத்துப் பழக்கம் எனக்குத் தெரியும், காவல் இல்லாத காட்டில் மாடு இறங்கும்.

ஒரு அணுவும் உச்ச நீதிமன்றமும்

என் மார்க் தகராறு சின்னது. இதே நோய் பெரிய அளவில் வந்ததை அதற்கு ஆறு மாதம் முன்னால்தான் நாடே பார்த்தது. வினாத்தாள் கசிவுச் சத்தத்தில் இதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள்.

2024 மே 5 நீட் தேர்வில் ஓர் இயற்பியல் வினா. இரண்டு கூற்றுகள் கொடுத்து எது சரி என்று கேட்டிருந்தார்கள். அணுவில் நேர்மின்னும் எதிர்மின்னும் சமமாக இருப்பதால் அது மின்நடுநிலை உடையது என்பது முதல் கூற்று. ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை, தமக்குரிய நிறமாலையை உமிழ்கின்றன என்பது இரண்டாவது. யுரேனியம், ரேடியம் என்ற பெயரைக் கேட்ட எவருக்கும் இரண்டாவது தப்பு என்று தெரியும். அந்த அணுக்கள் தாமாகவே சிதைகின்றன. ஆனால் என்.சி.இ.ஆர்.டி.யின் பழைய பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் அந்த வரி அப்படியே இருந்தது. புதிய பதிப்பில் பெரும்பாலான தனிமங்களின் அணுக்கள் என்று திருத்திவிட்டார்கள். பழைய புத்தகம் வைத்திருந்த பிள்ளைகள் முறையிட, தேசியத் தேர்வு முகமை இரண்டு விடைக்கும் மார்க் கொடுத்தது. முதலில் 720-க்கு 720 எடுத்த 67 பேரில் 44 பேர் இந்தச் சலுகையால் அங்கே ஏறியவர்கள். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் ஐ.ஐ.டி. டெல்லியிடம் மூன்று வல்லுநர்களை வைத்துப் பார்க்கச் சொன்னது, ஒரு விடைதான் சரி என்று அவர்கள் சொன்னார்கள், ஜூலை 23-இல் தீர்ப்பு வந்தது. திருத்திய பட்டியலில் முழு மார்க் 17 பேருக்கு. பழைய புத்தகத்தை நம்பியவர்களுக்கு நாலு மார்க் போனது, மைனஸ் ஒன்று சேர்ந்து ஐந்து.

ஆசிரியர் அறையில் அப்போது நடந்த வாதம் முழுக்க எந்தப் பதிப்பு செல்லும் என்பதைப் பற்றித்தான். நானும் வாய் வலிக்கப் பேசினேன். அரசுப் பள்ளிப் பிள்ளை அண்ணனிடமிருந்து, அக்காளிடமிருந்து வாங்கிய பழைய புத்தகத்தைத்தான் படிக்கும், அதைத் தண்டிப்பதா என்பது என் கட்சி. இன்றைக்கும் அந்தக் கட்சியில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் ரேடியம் என்ன செய்கிறது என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை, அங்கிருந்தவர்களில் மூன்று பேர் இயற்பியல் படித்தவர்கள். ஆறு மாதம் கழித்து பச்சை நோட்டைப் பார்த்து நான் சிவப்பு வட்டம் போட்டபோது அதே அறையில், அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அம்மிணியின் கேள்வி

மார்க்கைத் திருத்திக் கொடுத்தேன். வகுப்பில் எல்லார் முன்னாலும் சொன்னேன், அவள் அளந்தது சரி, நோட்டு நம்ம ஊருக்கு எழுதினது இல்லை என்று. பையன்கள் கை தட்டினார்கள். அவளுக்கு அதில் பெரிய சந்தோசம் இருந்த மாதிரி தெரியவில்லை. மணி அடித்த பிறகு ஆய்வகத்துக்கு வந்து நின்றாள்.

"சார், பப்ளிக்குல எதைங்க சார் எழுதறது?"

பிப்ரவரியில் பொதுத்தேர்வுச் செய்முறை. வேறு பள்ளியிலிருந்து புறத்தேர்வாளர் வருவார். ஒரு நாளைக்கு எத்தனையோ பிள்ளைகள், ஒரு தாளுக்குச் சில நிமிடம். அவர் மனதில் ஓர் எண் இருக்கும், அது எந்த நோட்டிலிருந்து வந்த எண்ணோ. செய்முறையில் போகிற ஒரு மார்க், கட்-ஆஃபில் அரை மார்க். அவளுக்குக் கோவை அரசு பொறியியல் கல்லூரியான ஜி.சி.டி.யில் எலக்ட்ரிகல் கிடைக்க வேண்டும். அரை மார்க்கில் எத்தனை பேர் வரிசையில் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"நோட்டுல இருக்கறதையே எழுதீரு கண்ணு" என்றேன். "வர்றவருகிட்ட போயி நாம விளக்கம் சொல்லிட்டு நிக்க முடியாது."

கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. பிறகு, "ஊசி நாலுலதானுங்க நிக்கும்" என்றாள்.

"தெரியும்."

"சரிங்க சார்."

இந்த உரையாடலை நான் தலைமையாசிரியரிடம் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. இந்தப் பதிவில் எழுத மிகவும் தயங்கிய இடமும் இதுதான். வேறு வழி இருந்தது. புறத்தேர்வாளரிடம் காலையிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், நல்ல ஆளாக இருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் நோட்டைத் திருத்தியிருக்கலாம், ஒரு மாதம் மிச்சம் இருந்தது. பயம் என்று சொல்வதைவிடச் சோம்பல் என்று சொல்வது சரி.

தேர்வன்று சீட்டு எடுத்தார்கள். அவளுக்கு ஜீனர் டையோடு என்ற மின்னணுக் கருவியின் சோதனை வந்தது. ஜீனர் டையோடுக்கு டெல்லியும் சங்ககிரியும் ஒன்றுதான். முழு மார்க் வாங்கினாள்.

பிறகு

ஜூனில் பள்ளி திறந்ததும் பச்சை நோட்டில் 3.5-ஐ அடித்துவிட்டு 4.0 என்று எழுதினேன், பக்கத்தில் காரணமும். ஜெராக்ஸ் கடைக்காரரிடம் பழைய பிரதியைக் கிழிக்கச் சொல்லிப் புதியதைக் கொடுத்தேன். ஒடிந்த சாவிக்குப் பதில் புதிய திசைமாற்றி வாங்கியாகிவிட்டது. முடிவுக்கு என்னிடம் மார்க் இல்லை, அளவீட்டுக்குத்தான் மார்க், பேனாவில் எழுத வேண்டும், ரப்பர் கூடாது என்று வகுப்பில் சொன்னேன். பிள்ளைகள் தலையாட்டினார்கள்.

இந்த ஜனவரியில் மறுபடி திருப்புதல் செய்முறைத் தேர்வு. டேஞ்சன்ட் கால்வனோமீட்டர் தாள்கள் 26. எல்லாம் பேனாவில், அடித்தல் இல்லை. 26 பேருக்கும் 4.0. அதில் ஒரு குழு கருவியை இரும்பு பீரோவுக்கு ஒட்டினாற்போல வைத்து அளந்துகொண்டிருந்ததை நானே நின்று பார்த்தேன். ஊசி 52-இல் நின்றது. தாளில் 44, 45, 44, 45 என்று இருந்தது.